ரூட்டர் ஹாலில், கணினி மாடியறையில்: இணைப்புக்கு எதை வாங்குவது?

ஃபைபர் இணைப்பு கொடுக்க வருகிறவர், ஒயர் வீட்டுக்குள் நுழைகிற இடத்துக்குப் பக்கத்திலேயே, பெரும்பாலும் வாசலை ஒட்டிய ஹால் சுவரில், ஓஎன்டி பெட்டியை (ஃபைபர் லைனை வாங்கி வைஃபையும் லேனும் கொடுக்கும் ரூட்டர் பெட்டி) மாட்டிவிட்டுப் போய்விடுவார். கணினியோ மாடியறையில் இருக்கும். ஹாலில் நின்று போனில் பார்த்தால் 100 எம்பிபிஎஸ், மாடிக் கணினியில் 12. உடனே பிளானை 200க்கு ஏற்றுபவர்கள் நிறையப் பேர். ஏற்றிய பிறகும் மாடியில் அதே 12தான் வரும். வேகம் தொலைவது கம்பெனிக்காரரின் லைனில் அல்ல, பெட்டிக்கும் கணினிக்கும் நடுவில் இருக்கிற அந்தப் பத்துப் பதினைந்து மீட்டரில்.

அந்தத் தூரத்தைக் கடக்கக் கடையில் கிடைப்பவை ஆறேழு வகை. நேராகச் சொன்னால், கேபிள் இழுக்க வழி இருந்தால் கேபிள்தான். வழியே இல்லை என்றால் மட்டும் வைஃபை. மற்றவையெல்லாம் இந்த இரண்டும் கைகொடுக்காத வீடுகளுக்கு.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

முதலில் லைனைச் சோதியுங்கள். ஒரு லேப்டாப்பை ஓஎன்டி பக்கத்தில் கொண்டுபோய், சின்ன லேன் கேபிளில் இணைத்து வேகம் பாருங்கள். லேப்டாப் இல்லையென்றால் போனை இரண்டு மீட்டர் தூரத்தில் வைத்து 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் பார்க்கலாம் (வைஃபைக்கு இரண்டு அலைவரிசை: 5 வேகமானது, 2.4 மெதுவானாலும் சுவரைத் தாண்டி அதிக தூரம் போகும்). இங்கேயே வேகம் குறைவாக இருந்தால் எந்த டாங்கிளும் (யூஎஸ்பி ஓட்டையில் செருகும் சின்ன வைஃபை கருவி) உதவாது, கம்பெனிக்குத்தான் புகார் செய்ய வேண்டும். ஒரு கணக்கையும் நினைவில் வையுங்கள்: பிளானில் எழுதியிருப்பது மெகாபிட், டவுன்லோடு காட்டுவது பெரும்பாலும் மெகாபைட். எட்டு மெகாபிட் சேர்ந்தது ஒரு மெகாபைட். 100 எம்பிபிஎஸ் லைனில் வினாடிக்கு 12.5 மெகாபைட்டுக்கு மேல் வராது. அதைக் கண்டு லைன் மோசம் என்று சண்டைக்குப் போக வேண்டாம்.

அடுத்து ஓஎன்டியின் பின்பக்கத்தைப் பாருங்கள். இரண்டு அல்லது நான்கு லேன் ஓட்டைகள் இருக்கும். பல மாடல்களில் அதில் ஒன்று மட்டுமே கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்), மற்றவை 100 எம்பிபிஎஸ். கிகாபிட் ஓட்டைக்குப் பக்கத்தில் ஜிஇ என்றும் மற்றதற்கு எஃப்இ என்றும் அச்சிட்டிருப்பார்கள். 300 எம்பிபிஎஸ் பிளான் வாங்கி, எஃப்இ ஓட்டையில் ஒயரைச் செருகிவிட்டு 94க்கு மேல் ஏறவில்லை என்று திண்டாடுவது சகஜம்.

மூன்றாவதாக, கணினி இருக்கும் மேசையில் போனை வைத்து, வைஃபை சிக்னலை டிபிஎம் கணக்கில் காட்டும் செயலி ஒன்றைத் திறங்கள். மைனஸ் 50 என்றால் அருமை. மைனஸ் 67 வரை வீடியோ காலுக்குப் போதும். மைனஸ் 75ஐத் தாண்டிவிட்டால் டாங்கிள் வாங்கிப் பிரயோஜனம் குறைவு. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் ஒன்று இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸ் தள்ளாடியாவது வந்து சேரும். கம்பி கட்டிய காங்கிரீட் தளத்தைத் தாண்டி மேலே வரும்போது பெரும்பாலும் 2.4 மட்டுமே மிஞ்சும்.

லேன் கேபிள்

கேட் 5இ, கேட் 6 இரண்டுமே 100 மீட்டர் வரை 1 கிகாபிட் வேகத்தைத் தாங்கும். கேட் 6ஏ, கேட் 7 என்று கடைக்காரர் சொன்னாலும் வீட்டுக்குத் தேவையில்லை. விலை வித்தியாசம் சொற்பம் என்பதால் கேட் 6 எடுத்துக்கொள்ளலாம். எண்ணைவிட முக்கியம், உள்ளே இருப்பது முழுச் செம்பா என்பது. சிசிஏ என்பது அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது. கட்டு கையில் லேசாக இருக்கும், விலையும் குறைவு. ஒரு கம்பியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அது வளைவில் ஒடியும், கனெக்டரில் அழுத்தி இறுக்கிய (கிரிம்ப் செய்த) இடம் நாளடைவில் தளரும். அதன் வழியாகவே கேமராவுக்குக் கரண்ட் கொடுக்க நினைத்தால் இன்னும் மோசம்.

நீளத்தை நேர்க்கோட்டில் அளக்காதீர்கள். ஹாலிலிருந்து மாடியறைக்குப் பார்வைக்கு 12 மீட்டர் என்றால், சுவரோரம் ஏறி, படிக்கட்டு வளைந்து, கதவுச் சட்டத்தைச் சுற்றிப் போகும்போது 22 மீட்டர் வரும். அதற்கு மேல் 3 மீட்டர் கூட வாங்குங்கள். சுவருக்குள் இருக்கும் கரண்ட் பைப்பில் இதையும் சேர்த்து இழுத்துவிடலாம் என்று எலக்ட்ரீஷியன் சொன்னால் மறுத்துவிடுங்கள். 230 வோல்ட் ஒயரோடு ஒரே பைப்பில் லேன் போகக்கூடாது. இன்சுலேஷன் எங்காவது உரிந்தால் கணினிக்கும் ஆபத்து, ஆளுக்கும் ஆபத்து. கேபிள் டிவிக்கோ பழைய டெலிபோனுக்கோ போட்ட பைப் காலியாக இருந்தால் அதுவே சரியான வழி. அதுவும் இல்லையென்றால், சுவரோரம் பிவிசி கேசிங் ஒட்டி அதற்குள் விடலாம்.

முனையில் கனெக்டர் மாட்டுவதைக் கடையில் செய்து தரச் சொன்னால், கனெக்டரோடு ஒயர் சுவர் ஓட்டைக்குள் போகாது. அதனால் இதைக் கற்றுக்கொள்வது நல்லது. கிரிம்பிங் டூல், டெஸ்டர், பத்து கேட் 6 கனெக்டர்கள் போதும். கேட் 6 கம்பி தடிமன் என்பதால் கேட் 5 கனெக்டரில் நுழைய மறுக்கும்.

1. மேலுறையை 3 சென்டிமீட்டர் உரியுங்கள். நடுவில் பிளாஸ்டிக் சிலுவை இருந்தால் அடியோடு வெட்டிவிடுங்கள்.
2. நான்கு ஜோடியின் முறுக்கையும் பிரித்து, இடமிருந்து வலமாக இப்படி வரிசைப்படுத்துங்கள்: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன்.
3. விரலால் அழுத்தி நேராக்கி, 13 மில்லிமீட்டர் மட்டும் விட்டு ஒரே வெட்டாக வெட்டுங்கள்.
4. கனெக்டரின் கிளிப் கீழ்ப்பக்கமும், ஒயர் நுழையும் வாய் உங்களைப் பார்த்தும் இருக்கட்டும். வெள்ளை ஆரஞ்சு இடது ஓரத்தில் நுழைய வேண்டும்.
5. எட்டுச் செம்பு முனையும் எதிர்ப்பக்கச் சுவரில் முட்டுவது தெரிகிறதா, மேலுறையும் கனெக்டருக்குள் நுழைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள். மேலுறை வெளியிலேயே நின்றால், ஒயரை இழுக்கிற இழுப்பெல்லாம் மெல்லிய கம்பிகள் மேல் விழும். இரண்டு மாதத்தில் ஒன்று கழன்றுவிடும்.
6. மறுமுனையிலும் இதே வரிசை. டெஸ்டரில் 1 முதல் 8 வரை விளக்கு வரிசையாக எரிய வேண்டும்.

இதில் டெஸ்டராலும் பிடிக்க முடியாத ஒரு தப்பு உண்டு. மேலே உள்ள வரிசையில் பச்சை ஜோடி நீல ஜோடியை நடுவில் வைத்துக்கொண்டு 3, 6 என்ற இடங்களில் பிரிந்து உட்காருவதைக் கவனியுங்கள். இதென்ன விசித்திரம் என்று, ஜோடி ஜோடியாகப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிவிடுவார்கள் சிலர். இரண்டு முனையிலும் அப்படியே செய்தால் டெஸ்டரில் எட்டு விளக்கும் ஒழுங்காக எரியும். ஆனால் ஒரு சிக்னலைச் சுமக்க வேண்டிய 3ஆம் கம்பியும் 6ஆம் கம்பியும் இப்போது வேறு வேறு முறுக்கில் போகின்றன. முறுக்கு இருப்பதே வெளி இரைச்சலை இரண்டு கம்பியும் சமமாக வாங்கி ரத்து செய்யத்தான். அது போய்விட்டால், 2 மீட்டர் கேபிள் வேலை செய்யும், 20 மீட்டர் கேபிள் இணைந்து இணைந்து அறுந்துகொண்டே இருக்கும்.

இணைத்த பிறகு விண்டோஸ் அமைப்புகளில் ஈதர்நெட் பகுதிக்குப் போய் இணைப்பு வேகத்தைப் பாருங்கள். 1000 என்று இருக்க வேண்டும். 100 என்று காட்டினால், ஓட்டை எஃப்இ ஆக இருக்கலாம், அல்லது 4, 5, 7, 8 கம்பிகளில் ஒன்று சரியாகத் தொடவில்லை. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு கம்பியே போதும், கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். அதனால்தான் ஒரு கம்பி போனாலும் இணைப்பு சாகாமல், சத்தமில்லாமல் 94, 95க்கு இறங்கிவிடுகிறது.

லேப்டாப்பில் லேன் ஓட்டை இல்லையென்றால் யூஎஸ்பி லேன் அடாப்டர். கிகாபிட் என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது, யூஎஸ்பி 3.0 என்றும் எழுதியிருக்க வேண்டும். யூஎஸ்பி 2.0வின் உச்சமே 480 எம்பிபிஎஸ் என்பதால் அதில் கிகாபிட் முழுதாக வராது.

யூஎஸ்பி வைஃபை டாங்கிள்

நகம் அளவு நானோ டாங்கிள்தான் எல்லோரும் முதலில் வாங்குவது. பெட்டியில் 150 எம்பிபிஎஸ் என்று இருக்கும். அந்த 150, அலைவரிசையின் அகலம் 40 மெகாஹெர்ட்ஸாக இருந்தால்தான் கிடைக்கும். பக்கத்து வீட்டு வைஃபைகள் நிறைந்த தெருவில் அது 20க்கு இறங்கிவிடும், அப்போது உச்சம் 72. கைக்கு வருவது அதில் பாதிதான். ஆன்டெனாவும் பட்டாணி அளவு. கணினிக்குப் பின்னால் செருகினால் ஒரு பக்கம் இரும்புப் பெட்டி, மறுபக்கம் சுவர். மெயில் பார்க்க, பில் கட்டப் போதும். அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

அடுத்த படி ஏசி1200, ஏசி1300 என்று எழுதியவை. இந்த எண் ஒரு கூட்டுத்தொகை: ஏசி1200 என்றால் 2.4இல் 300, 5இல் 867. ஒரு நேரத்தில் ஒரு பேண்டில்தான் டாங்கிள் வேலை செய்யும். 5 கிகாஹெர்ட்ஸில், பக்கத்து அறையில், சுமார் 300 முதல் 500 வரை நிஜமாக வரலாம். இதற்கு யூஎஸ்பி 3.0 ஓட்டை வேண்டும், அது பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும்.

இங்கேயும் ஒரு சூட்சுமம். யூஎஸ்பி 3.0 ஓட்டையும் ஒயரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலைக் கக்கும். இன்டெல் 2012இலேயே இதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. வெளி ஹார்டு டிஸ்கில் காப்பி ஓடும்போதெல்லாம் வைஃபை அறுந்தால், வயர்லெஸ் மவுஸ் தத்தளித்தால், காரணம் இதுதான். டாங்கிளை 5 கிகாஹெர்ட்ஸில் இணையுங்கள், அல்லது ஒரு மீட்டர் யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் ஒயர் வாங்கி டாங்கிளை மேசைமேல் கொண்டுவாருங்கள். புது டாங்கிள் வாங்குவதற்கு முன், பழையதையே இந்த ஒயரில் மாட்டிப் பாருங்கள். பல வீடுகளில் இதுவே போதுமாக இருக்கிறது.

டாங்கிள் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையைக் காட்டவே இல்லை என்றால், அது 2.4 மட்டும் தெரிந்த ரகம். ரூட்டர் பெயரின் பின்னால் வரும் 5ஜி என்பதற்கும் மொபைல் 5ஜிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பெயர் தெரிந்தும் பாஸ்வேர்டை ஏற்க மறுத்தால், ரூட்டரில் டபிள்யூபிஏ3 என்ற புது பாதுகாப்பு முறை மட்டும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பழைய டாங்கிளுக்கு டபிள்யூபிஏ2வும் கலந்த முறையை வைக்க வேண்டும். 2.4இல் சேனலை ஆட்டோவில் விடாமல் 1, 6, 11இல் எது காலியோ அதில் வையுங்கள். 12, 13 சேனல்களைச் சில கருவிகள் பார்க்கவே பார்க்காது.

டிரைவர் (டாங்கிளைக் கணினி இயக்கத் தேவையான மென்பொருள்) சிக்கலுக்கு ஒரு சுலப வழி. டிரைவர் இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு டிரைவர் வேண்டும் என்ற கோழி முட்டைக் கதை புதுக் கணினியில் அடிக்கடி வரும். ஆண்ட்ராய்டு போனை வீட்டு வைஃபையில் இணைத்து, யூஎஸ்பி ஒயரில் கணினியோடு சேர்த்து, ஹாட்ஸ்பாட் அமைப்பில் யூஎஸ்பி டெதரிங்கைப் போடுங்கள். போனே வைஃபை டாங்கிளாக மாறிவிடும், சிம் டேட்டாவும் செலவாகாது. விண்டோஸ் இதைத் தனி டிரைவர் இல்லாமலே அடையாளம் காணும்.

உள்ளே செருகும் கார்டு

மேசைக் கணினியைத் திறக்கத் தயக்கம் இல்லையென்றால், டாங்கிளைவிட, மதர்போர்டின் ஸ்லாட்டில் செருகும் பிசிஐஇ வைஃபை கார்டு நிலையானது. காரணம் கார்டு அல்ல, அதனோடு வரும் பெரிய ஆன்டெனா. வாங்கும் முன் கார்டின் அட்டைப்பெட்டியைப் பாருங்கள்: உங்கள் கணினி அலுவலகத்திலிருந்து கழித்த ஒல்லி ரகம் என்றால் அரை உயரத் தகடு அதற்குள் கூடவே வர வேண்டும். இன்டெல் ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 சிப் உள்ளவை நல்ல தேர்வு. ஏஎக்ஸ்201 என்று ஒன்று மலிவாகக் கிடைக்கும். அது சில இன்டெல் பிராசஸர் உள்ள போர்டுகளின் தனி சாக்கெட்டில் மட்டுமே வேலை செய்யும், அடாப்டர் கார்டில் மாட்டினால் கணினி அதைக் காணாது.

பவர் கேபிளைக் கழற்றி, பவர் பட்டனைச் சில வினாடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வடியவிட்டு, பக்கத் தகட்டைத் திறங்கள். சின்ன பிசிஐஇ ஸ்லாட்டில் செருகலாம், அது இல்லையென்றால் நீளமான ஸ்லாட்டிலும் செருகலாம். ஸ்க்ரூ போட மறக்காதீர்கள், ஆன்டெனா ஒயரின் எடையில் கார்டு சாயும். புளூடூத் வேண்டுமென்றால் கூடவே வரும் 9 பின் ஒயரை மதர்போர்டின் யூஎஸ்பி பின்களில் செருக வேண்டும். வைஃபை ஓடுகிறது, புளூடூத்தைக் காணோம் என்பவர்கள் பெரும்பாலும் விட்டது இந்த ஒயரைத்தான்.

ஆன்டெனாவை நேரே கார்டில் திருகினால் அது கணினியின் முதுகுக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். காந்த அடித்தளத்தோடு ஒரு மீட்டர் ஒயர் உள்ள ஆன்டெனாவை வாங்கி மேசைமேல் வையுங்கள். உங்கள் மதர்போர்டின் பின்னால் ஏற்கெனவே இரண்டு தங்கநிறத் திருகு முனைகள் வெறுமனே இருக்கின்றனவா என்றும் பாருங்கள். இருந்தால் வைஃபை போர்டிலேயே உள்ளது. பெட்டியில் வந்த ஆன்டெனாவை மாட்டாமலே ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

நடுவில் இன்னொரு பெட்டி

வீட்டில் சும்மா கிடக்கும் பழைய ரூட்டரைப் பயன்படுத்தலாம். அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றி (ஓஎன்டி 192.168.1.1 என்றால்), கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் டிஹெச்சிபி வசதியை அணைத்து, ஓஎன்டியின் லேன் ஓட்டையிலிருந்து வரும் கேபிளை அதன் லேன் ஓட்டையில் செருகுங்கள். வான் (WAN) என்று எழுதிய, இணையம் உள்ளே வருவதற்கான ஓட்டை காலியாகவே இருக்கட்டும். டிஹெச்சிபியை அணைக்காவிட்டால் இரண்டு பெட்டியும் ஆளுக்கொரு முகவரியைக் கொடுத்து, ஒரு கருவி ஓடும், இன்னொன்று ஓடாது. மாடிக்கு ஒரு கேபிள் போய்விட்டால், கணினிக்கு ஒயர், போன்களுக்கு வைஃபை என்று இந்த ஒரே பெட்டி இரண்டையும் கவனித்துக்கொள்ளும்.

கேபிளே இல்லாமல் சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் எக்ஸ்டெண்டர் என்றால், அதைக் கணினிப் பக்கத்தில் வைக்காதீர்கள். அங்கே சிக்னலே இல்லையே, எதைத் திருப்பி அனுப்பும்? படிக்கட்டுத் திருப்பம் போல, மைனஸ் 60, 65 வரும் இடத்தில் வையுங்கள். ஒரே பேண்டில் வாங்கி அதே பேண்டில் அனுப்பும் மலிவு ரகத்தில் வேகம் பாதியாகிவிடும்.

கரண்ட் ஒயர் வழியாக இணையம் அனுப்பும் பவர்லைன் அடாப்டர் ஜோடி நம் ஊர் வீடுகளில் அதிகம் எடுபடுவதில்லை. மூன்று ஃபேஸ் இணைப்பில் ஹால் ஒரு ஃபேஸ், மாடி வேறு ஃபேஸ் என்றால் சிக்னல் தாண்டாது அல்லது தேய்ந்துவிடும். கணினிப் பாயின்ட் இன்வெர்ட்டர் லைனில் இருந்தாலும் அதே கதை. ஸ்பைக் பஸ்டரில் செருகினால் அது சிக்னலையே இரைச்சல் என்று வடிகட்டிவிடும். திருப்பித் தர வாய்ப்புள்ள கடையில் மட்டும் வாங்குங்கள்.

ஃபைபர் வராத இடத்தில் சிம்

வாடகை அறையில், ஊருக்கு வெளியே, சிம்தான் வழி. சில நாளுக்கு என்றால் போனின் யூஎஸ்பி டெதரிங் போதும். ஹாட்ஸ்பாட்டைவிட நிலையானது, போன் சார்ஜும் ஏறும். ஐபோன் என்றால் விண்டோஸில் ஆப்பிளின் மென்பொருள் ஒன்றைப் போட வேண்டியிருக்கும். கணினியில் இந்த இணைப்பை மீட்டர்டு (டேட்டா அளவு கட்டுப்பட்டது) என்று குறித்துவிடுங்கள். இல்லையென்றால் விண்டோஸ் அப்டேட் ஒன்றே அன்றைய 2 ஜிபி அளவு முழுவதையும் குடித்துவிடும். அளவு முடிந்த பிறகு பல பிளான்களில் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு விழும், அதில் மெயில்கூடத் திறக்காது.

நிரந்தரத்துக்கு லேன் ஓட்டை உள்ள 4ஜி அல்லது 5ஜி ரூட்டர் வாங்குங்கள். பழைய 3ஜி டாங்கிள் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். ஜியோவுக்கு 2ஜி, 3ஜி என்பதே கிடையாது. வெளிநாட்டிலிருந்து வந்த ரூட்டர் என்றால் அது பிடிக்கும் அலைவரிசைகளின் (பேண்ட்) பட்டியலில் 3, 5, 40 இருக்கின்றனவா என்று பாருங்கள். 5ஜி என்றால் என்78. பிரவுசரில் திறக்கும் ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில், டவர் சிக்னலின் பலத்தைச் சொல்லும் ஆர்எஸ்ஆர்பி என்ற எண் தெரியும். மைனஸ் 90க்குள் இருந்தால் நல்லது, மைனஸ் 110ஐத் தாண்டினால் திண்டாட்டம். ரூட்டரை டவர் இருக்கும் பக்கத்து ஜன்னலில் வைத்து, அங்கிருந்து கணினிக்கு லேன் கேபிள் இழுங்கள். கணினிப் பக்கத்தில் ரூட்டரை வைத்து டவரோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

அறுந்தால் எங்கே பார்ப்பது

கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து 192.168.1.1க்கு (ரூட்டரின் முகவரி) பிங் போட்டு ஓடவிடுங்கள்; பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று அது காட்டும். லேன் கேபிளில் பதில் 1 மில்லிசெகண்டுக்குள் வர வேண்டும். வைஃபையில் 2 முதல் 10 வரை ஏறி இறங்கும். அது திடீரென 200, 300 என்று குதித்தால் தப்பு வீட்டுக்குள்ளேதான், மேலே சொன்னவற்றைத் திரும்பப் பாருங்கள். ரூட்டர்வரை ஒழுங்காக இருந்து வெளியே மட்டும் அறுந்தால் லைன் பிரச்சினை. ஓஎன்டியில் லாஸ் (LOS) என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தால் ஃபைபரில் ஒளியே வரவில்லை. மேசைக்குப் பின்னால் ஃபைபர் ஒயர் இறுக்கமாக மடங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எலுமிச்சம்பழ அளவைவிடச் சின்ன வளைவு அதற்கு ஆகாது. பச்சைக் கனெக்டரைக் கழற்றினால் முனையில் விரல் படக்கூடாது, உள்ளே எட்டியும் பார்க்கக்கூடாது.

கரண்ட் போனால் கணினிக்கு யூபிஎஸ் இருந்தும் நெட் போய்விடும், ஓஎன்டி ஹாலில் சாதா பிளக்கில் இருப்பதால். அதற்கென்று 12 வோல்ட் மினி யூபிஎஸ் விற்கிறார்கள். வாங்கும் முன் ஓஎன்டி அடாப்டரில் எழுதியுள்ள வோல்ட்டும் ஆம்பியரும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். மொட்டைமாடி வழியாக வெளியில் லேன் கேபிள் இழுத்திருந்தால், ஐப்பசி மழையில் இடி தொடங்கும் முன்பே இரண்டு முனையையும் கழற்றிவிடுங்கள். மின்னல் நேரடியாக விழ வேண்டியதில்லை, பக்கத்தில் விழுந்தாலே அந்தச் செம்பில் ஏறும் அழுத்தம் ஓஎன்டியின் லேன் ஓட்டையையும் கணினியின் ஓட்டையையும் சேர்த்துக் கருக்கிவிடும்.